வரி ரோசா வீட்டு அம்மா

கொல்லிமலையில் நான் கிராம நர்சாக இருந்த வருசங்களில், என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பரிசோதித்த ஒரே ஆள் அந்த அம்மாதான். மற்ற வீடுகளில் நர்சம்மா வந்துவிட்டாள் என்றால் நாற்காலி வரும், காப்பி வரும், பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். இவர் வீட்டில், அதுவும் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் மூங்கில் படல் திறக்காது. உள்பக்கம் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் காது. அப்புறம் கை விரல்கள்.

"நீங்கதானுங்களா?" என்பார்.

"பின்ன, என் தங்கச்சியையா அனுப்பியிருக்கேன்? திறங்கம்மா, மழை கொட்டுது."

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. போனவங்கதான் வந்திருக்காங்களான்னு பார்த்துக்கோணுமில்லீங்களா?"

முதல் தடவை எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டையே காலி செய்துவிடலாமா என்றிருந்தது. திண்டுக்கல்லில் பஸ் ஏறி, காரவள்ளியில் வேறு பஸ் மாறி, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் குமட்டலை அடக்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தால், வாசலில் ஒரு விசாரணை. பிறகு பார்த்தால் எனக்கு மட்டும் நடக்கிற மரியாதை இல்லை அது. அவர் வீட்டுக்காரர் சந்தைக்கு மிளகு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாலும் அதே கதைதான். முப்பது வருசத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய மனுசன், தோளில் துண்டோடு படலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இந்த அம்மா பார்த்து முடித்து, "சரி, வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பார்.

வாழவந்தி நாடு என்கிற ஊரில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்தது வீடு. பின்கட்டு எனக்கு, முன்கட்டு அவர்கள் இருவருக்கும். வீட்டு வாசலுக்கும் படலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு தோட்டம். செவ்வந்தி, கனகாம்பரம், ஒரு எலுமிச்சை, வேலியோரம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். நடுவில் கல் அடுக்கிய வட்டத்துக்குள் தனியாக ஒரே ஒரு ரோசாச் செடி. கொத்தாகப் பூக்கிற சாதி இல்லை. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒற்றை மொட்டுத்தான் வரும், நீளமாக, கூம்பாக. விரிந்தால் உள்ளங்கை அகலம் இருக்கும். வெள்ளை இதழில் சிவப்புக் கோடுகள். சில இடத்தில் நூலாக ஓடும், சில இடத்தில் குங்குமத்தை உதறிவிட்டதுபோல் தெறித்திருக்கும். ஒரு பூவில் இருக்கிற கோடு இன்னொரு பூவில் இருக்காது.

அதோடு வாசனை. பூக்கடை ரோசாவை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் தெரியாதில்லையா, இது அப்படியில்லை. எலுமிச்சைத் தோலை நசுக்கிப் பன்னீரில் போட்ட மாதிரி ஒரு மணம். பனி இறங்கியிருக்கிற காலையில் பின்கட்டில் பல் தேய்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு ஒன்று விரிந்திருக்கிறது என்று. ஊர்க்காரர்கள் அதை வரி ரோசா என்பார்கள். அந்த அம்மாவையும் வரி ரோசா வீட்டு அம்மா என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

குடிவந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை, வாசலில் அவர் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? எங்கடி போன இத்தன நாளா? எளச்சுப் போயிட்டியே!" மகளோ மருமகளோ வந்திருக்கிறாள் போல, நாமும் போய்ப் பார்த்து வைப்போம் என்று முன்பக்கம் வந்தேன். அந்த அம்மா மட்டும் செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா வந்திருக்கா?"

"மூக்குத்திக்காரி" என்று ஒரு பூவைக் காட்டினார். ஓர் இதழின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. "தை மாசம் வந்துட்டுப் போனா. இப்பத்தான் திரும்பியிருக்குறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செடி ஒன்னுதாம்மா. பூ ஒவ்வொன்னும் புதுசு. உதிர்ந்த பூ எப்படித் திரும்பி வரும்?"

"பஸ்ஸு ஒன்னுதான். எறங்கிப் போனவங்க மறுபடி ஏறமாட்டாங்களா?" என்றார், என்னை ஒரு மண்டு என்று முடிவு செய்துவிட்ட குரலில்.

மூக்குத்திக்காரி மட்டுமில்லை. அழுமூஞ்சி என்று ஒருத்தி இருந்தாள், கோடெல்லாம் கீழ்நோக்கி வழிந்திருக்கும். வாயாடி, குருட்டுக் கெழவி, பட்டணத்துக்காரி என்று ஒவ்வொருத்திக்கும் பெயர். ஒன்றையும் பறிக்கமாட்டார், பறிக்க விடவும் மாட்டார். வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வருகிற டூரிஸ்டுகள் காரை நிறுத்தி, "ஆன்ட்டி, ஒரே ஒரு பூ" என்று கெஞ்சுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லித் துரத்திவிடுவார். பூ உதிர்ந்தால் இதழ்களைப் பொறுக்கி அதே செடியின் தூரிலேயே புதைப்பார். புதைக்கும்போது, "போயிட்டு வா" என்பார்.

அவர் யாருக்காக இந்தப் பூக்களையெல்லாம் வரவேற்று வழியனுப்பிக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அவர் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, பார்வை வரவர மங்கிக்கொண்டே வந்தது. வாங்க, கூட்டிக்கொண்டு போய் ஆபரேசன் செய்து வைக்கிறேன் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். காப்பிக் கொட்டை காயப்போட்ட களத்தில் உட்கார்ந்து, கையால் துழாவிக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அந்தச் செடிய வாங்கியாந்ததே எங்க புள்ளதாங்க. ஆடி மாசம் இங்க பூக்கண்காட்சி போடுவாங்கல்ல, அங்க வாங்கினா. நட்டுத் தண்ணி ஊத்தி, தெனமும் மொட்டு வந்துருச்சா வந்துருச்சான்னு பார்த்துக்கிட்டுக் கெடப்பா. முதல் மொட்டு விரிஞ்ச அன்னிக்குத்தான் அவ கீழ மில்லு வேலைக்குப் போற நாளு. எங்க வழக்கத்துல முதல்ல வர்ற எதையும் நாங்க தொடமாட்டோமுங்க. முதல் பழம், முதல் கதிரு, முதல் பூவு, எல்லாம் அம்மனுக்குத்தான். இவ பறிச்சுத் தலையில வெச்சுக்கிட்டா. அவங்கம்மா கத்திக்கிட்டே படலு வரைக்கும் தொரத்திக்கிட்டு ஓடுனா. புள்ள தலையக் கையால மூடிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்பறம் என்னங்க. திரும்பி வரவேயில்ல. மில்லுல போய்க் கேட்டா, வேலைய விட்டு நின்னுட்டாள்னு சொன்னாங்க. போலீசுக்கும் போனோம். ஒன்னும் தெரியல."

அந்த அம்மாவின் கணக்கு இதுதான். சாமிக்குப் போகவேண்டிய பூவைப் பிள்ளை எடுத்துக்கொண்டது, அதனால் சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டது. போன பூ திரும்பி வரும். வருகிற அன்றைக்கு அதை அம்மன் காலில் கொண்டுபோய் வைத்துவிட்டால், சாமி பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு பூவையும் இதழ் இதழாகப் பார்ப்பது. அந்த முதல் பூவுக்கு ஏதோ ஓர் அடையாளம் இருந்தது. அது என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லையாம். கேட்டால், "சொன்னா, அதே மாதிரி வேசம் போட்டுக்கிட்டு எதாச்சும் வந்துரும்" என்பார்.

வேசம் என்பது அவருக்குச் சும்மா ஒரு பேச்சு இல்லை. ஒரு மழைக்காலத்தில் அந்தச் செடியின் ஒரு கிளை மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்து, கோடே இல்லாத முழுச் சிவப்பில் பூத்தது. என்ன அழகு என்கிறீர்கள்! நான் வண்டியை ஸ்டாண்ட் போடாமலே நின்று பார்த்தேன். அந்த அம்மா கிட்டே போனார், மோந்து பார்த்தார். உள்ளே போய் அரிவாளோடு வந்து அந்தக் கிளையை அடியோடு வெட்டினார். வெட்டிய இடத்தில் சாணியை அப்பினார்.

"ஐயோ, ஏம்மா? வாசனைகூட அதே வாசனைதானே?"

"வாசன ஒன்னா இருந்தா அவ ஆயிருவாளா?" என்றார். கிளையைப் படலுக்கு வெளியே இழுத்துக்கொண்டுபோய், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். பச்சைக் கிளை சுலபத்தில் எரியவில்லை. எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஊரில் பிள்ளை பிறந்தால் இவர் கூப்பிடாமலே போவார். தொட்டிலுக்கு மேல் குனிந்து ஒரு பார்வை. பெரும்பாலும், "புது ஆளு, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஒரு வீட்டில் மட்டும், நான் தடுப்பூசி போட்டு, குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தபோது இவர் வந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "வந்துட்டீங்களா அப்புச்சி?" என்றார். குழந்தை அழுகையைச் சட்டென்று நிறுத்தியது. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளை, இவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டார் செத்துப்போன தாத்தாவே வந்துவிட்டார் என்று சந்தோசப்பட்டார்கள். நான் ஊசிப்பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டில் நின்று ஏசுவே என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

சும்மா விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. இந்த அம்மாவுக்கு ஒருநாள் ஆதாரத்தோடு காட்டி, இந்தப் பைத்தியத்தைத் தீர்த்துவைக்கிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். விரிகிற ஒவ்வொரு பூவையும் செல்போனில் படம் எடுத்தேன். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. சில மாதங்கள் ஓடின. ஒருநாள் காலை, "அழுமூஞ்சி திரும்பி வந்திருக்குறா" என்று குரல் கேட்டது. போனேன், படம் எடுத்தேன், அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து பழைய அழுமூஞ்சியையும் புது அழுமூஞ்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பழைய படம் வெயிலில் எடுத்தது, புதியது பனியில் எடுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி அதே பூ. ஒரு கோடு வழிந்து வந்து, இதழின் விளிம்பில் தயங்கி, லேசாக இடதுபக்கம் திரும்பியிருக்கும். அதுகூட இருந்தது. இரண்டு படத்தையும் அழித்தேன். இன்றைக்கு யாராவது காட்டு என்றால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த அந்த அம்மா, "பார்த்துட்டீங்களா?" என்றார்.

"பார்த்தேன்" என்றேன்.

"சொன்னா நம்போணும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். அந்தப் பூ வந்துவிடட்டும் கடவுளே என்று நானும் ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். யார் சாமி யார் பிள்ளையை எடுத்துக்கொண்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த அம்மா பனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இதழாக விலக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோகிறதை எத்தனை நாள்தான் பார்ப்பது.

மகள் வந்தாள். பூ வரவில்லை, மகள்தான் முதலில் வந்தாள்.

ஐப்பசி மாதம், பட்டப்பகலிலேயே பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. செடியில் மொட்டுகள் நிறைய இருந்தும், ஈரத்தில் இதழ் ஒட்டிக்கொண்டு ஒன்றுகூட விரியாமல் நின்ற வாரம் அது. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படலுக்கு வெளியே பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை. சிரித்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா" என்றாள்.

அந்த அம்மா செடியடியிலிருந்து எழுந்தார். படலுக்குப் பக்கத்தில் போனார். முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில் அவள் தலையைப் பார்த்தார். தலையில் ஒன்றுமில்லை. திரும்பி, செடியைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் விரியவில்லை.

"வாங்க" என்றார். "ஆருங்க வேணும்?"

"அம்மா, நான்தாம்மா."

"தூரத்துல இருந்து வாறீங்களாட்ட இருக்குது. தண்ணி குடிக்கிறீங்களா? ஏனுங்க, இங்க வாங்க, ஆரோ வந்திருக்குறாங்க."

வீட்டுக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் அப்பா என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். மனுசன் தரையில் அப்படியே உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார். "நம்ம புள்ள! ஏ புள்ளே, நம்ம புள்ள வந்துருச்சு!"

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே" என்றார் அந்த அம்மா, அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே.

படலைத் திறந்துவிட்டார். அது விருந்தாளிக்குத் திறப்பது. காப்பி போட உள்ளே போனவர், போகிற வழியில் என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்துக் காதோடு சொன்னார். "சிரிச்சுக்கிட்டே நிக்குறாங்க பாருங்க. அப்பா அழுகுறப்பக்கூடச் சிரிப்பு போகல. இந்த மலையில சிரிச்சுக்கிட்டு வர்றத நம்பப்படாதுங்க."

கீழேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். இந்த மலையில் ஒரு பாவை உண்டு, பெண் உருவத்தில் வரும், சிரிக்கும், அந்தச் சிரிப்பைப் பார்த்துப் போனவர்கள் திரும்பியதில்லை என்று. நான் அதையெல்லாம் டூரிஸ்டுகளுக்குச் சொல்கிற கதை என்றுதான் வைத்திருந்தேன். இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. ஜன்னலை விட்டு விலகி நின்றுகொண்டேன், பொய் சொல்லவில்லை.

மறுநாள் அவள் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு என் அறைக்கு வந்தாள். வெளிச்சத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் விசயம் புரிந்தது. அது சிரிப்பே இல்லை. வாயோரத்தில் பழைய காயம் ஒன்று. யாரோ அவசரத்தில் கோணல்மாணலாகத் தையல் போட்டிருக்கிறார்கள், தழும்பு இறுகி உதட்டின் ஒருபக்கத்தை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. அழுதாலும் தூங்கினாலும் அந்த முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

"யார் அடிச்சது?" என்றேன்.

மில்லில் பழக்கமான ஒருத்தனோடு போனாளாம். ஊர் ஊராக வைத்திருந்தானாம். வெளியே விடமாட்டானாம். போன மாதம் அவன் செத்தானாம். பத்து வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள். நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவள் தலையில் கை வைத்தேன்.

அவள் போன பிறகும் அறையில் ஒரு மணம் நின்றது. எலுமிச்சைத் தோலும் பன்னீரும் கலந்த மணம். எட்டிப் பார்த்தேன், செடியில் ஒரு பூவும் விரியவில்லை. சாயங்காலம் அவளிடம், "தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிற?" என்று கேட்டேன். தேங்காயெண்ணெய் என்றாள்.

அந்த அம்மா அவளை ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டார். வாழையிலை போட்டுச் சாப்பாடு, புதுப் பாய், வெந்நீர். எல்லாம் விருந்தாளிக்குச் செய்வது. தொடமாட்டார், தனியாக ஓர் அறையில் அவளோடு நிற்கமாட்டார், ரோசாச் செடிப் பக்கம் வரவிடமாட்டார். அவள் சமையல்கட்டில் கேட்காமலே உப்பு ஜாடியை எடுத்தால், கேட்காமலே பழைய கதவின் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளித் திறந்தால், என்னிடம் வந்து, "எல்லாந் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்குறாங்க" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சண்டையே போட்டேன். "பெத்த பிள்ளைம்மா! வருசக்கணக்காக் காத்துக்கிடந்துட்டு, வந்து நிக்கிறவளைப் பார்த்து யாருன்னு கேக்குறீங்களே, உங்களுக்கு மனசே இல்லையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கண் கலங்கியது. "நா இவங்களப் புள்ளன்னு சொல்லிப்போட்டா, அப்பறம் என்ற புள்ளய ஆரு தேடுவாங்க? அவ எங்கயோ கெடந்து அம்மா வருவாளான்னு பார்த்துக்கிட்டு இருப்பா. நா இங்க ஆரையோ கட்டிப் புடிச்சுக்கிட்டு இருந்தா, அவ கதி என்னாகறதுங்க?"

நான் நேராக மகளிடம் போனேன். "அந்த முதல் பூ எப்படி இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அத மறக்க முடியுங்களா?"

"அப்போ போய்ச் சொல்லேன்! அந்த அடையாளம் உங்க அம்மாவுக்கும் உனக்கும் மட்டுந்தான் தெரியும். சொன்னா முடிஞ்சது."

"அவங்களாக் கேக்கட்டுமுங்க நர்சம்மா" என்றாள். "நானாப் போய்ச் சொன்னா, அதையும் ஆரோ சொல்லிக்குடுத்து வந்திருக்குறான்னுதான் நெனப்பாங்க. கேட்டாச் சொல்றேன். ஒருக்காக் கேட்டாப் போதும்."

அந்த அம்மா கேட்கவில்லை. அவர் கேட்பார் என்று இவள் காத்திருந்தாள், பூ வரும் என்று அவர் காத்திருந்தார். நடுவில் அந்த மனுசன், கண் தெரியாமல், இரண்டு பேர் குரல் வருகிற திசையிலும் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் எனக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது.

நான் கிளம்பிய அன்று காலை பனி விலகி நல்ல வெயில். சாமான் ஏற்ற மினி லாரி வெளியே நின்றது. பல நாளாக ஒட்டிக்கொண்டு நின்ற மொட்டுகளில் ஒன்று அன்றைக்கு விரிந்திருந்தது. அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து இதழ்களை விலக்கிக்கொண்டிருந்தார். என் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மகள், அதைக் கீழே வைத்துவிட்டு, அவள் போகக்கூடாத அந்தக் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்த அம்மா கவனிக்கவில்லை. இல்லை, அன்றைக்குத் தடுக்கத் தோன்றவில்லையோ என்னவோ.

இரண்டு பேரும் ஒரே பூவைப் பார்த்தார்கள். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இது இல்லீங்க."

அந்த அம்மா நிமிர்ந்தார். அவள் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் ஹாரன் அடித்தான். பொறுடா என்று அவனைப் பார்த்துக் கையை ஓங்கினேன். அந்த அம்மா கேட்டுவிட்டார். கேட்டேவிட்டார். சொல்லு பெண்ணே, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

"அதுல ஒரு எதழுல மட்டும் அடியில இருந்து ஒத்தக் கோடு கெளம்புமுங்க" என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. "பாதி தூரம் வந்து ரெண்டாப் பிரிஞ்சிரும். ரெண்டும் தனித்தனியா ஓடி, நுனிக்கு வந்தொடனே மறுபடி சேர்ந்துக்கும். பஸ்ஸுல கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, மலை எறங்குற வரைக்கும் அதையேதான் பார்த்துக்கிட்டு வந்தனுங்க."

அந்த அம்மா எழுந்தார். முதல் தடவையாக அவளைத் தொட்டார், இரண்டு கையாலும் அவள் இரண்டு கையைப் பற்றிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

"அதேதான்! அந்தப் பூவேதான்!" என்றார் அந்த அம்மா. "அப்ப நீங்க அந்தப் பஸ்ஸுல இருந்திருக்கீங்க. என்ற புள்ளயப் பார்த்திருக்கீங்க! இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? எங்க இருக்குறா? நேரா நேரத்துக்குச் சாப்பிடுறாளா? அவள ஆரும் அடிக்கறதில்லீங்களே?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதுபோல் இருந்த அந்த வாய் மெல்ல அசைந்தது.

"நல்லா இருக்குறாளுங்க" என்றாள். "இப்ப ஆரும் அடிக்கறதில்லீங்க."